மதுரையில் ஐவிஎஃப்: பலகையில் இருக்கும் சதவீதம் எதன் சதவீதம்?

இந்த முறை ஊருக்குப் போனபோது தங்கையோடும் அவள் கணவரோடும் மதுரையில் சில கருத்தரிப்பு மையங்களுக்குப் போய்வந்தேன். அவளுக்கு 36 வயது. முட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, கருப்பைக்குள் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சையை லண்டனில் நான் எடுத்துக்கொண்டவள் என்பதால், "அக்கா, நீ கூட வந்து கேளு, எங்களுக்குக் கேக்கத் தெரியாது" என்றாள்.

வேகத்தை முதலில் பாராட்ட வேண்டும். லண்டனில் குடும்ப டாக்டர் கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து தேதி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். 40 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு அரசு செலவில் 3 சுழற்சிகள் (ஊசியில் தொடங்கிக் கரு வைப்பது வரை ஒரு சுழற்சி) என்று வழிகாட்டு நெறி இருந்தாலும், பல வட்டாரங்களில் ஒன்றுதான் கொடுக்கிறார்கள். மதுரையில் காலையில் போனோம், அன்றைக்கே ஸ்கேன். சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலம் போனுக்கே வந்துவிட்டது. முட்டைகளை வளர்க்கும் ஊசியைப் போடச் சொல்லிக்கொடுத்த நர்ஸ், "வயித்துச் சதையப் பிடிச்சுக்கிட்டுப் போடுங்கக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பரிவு எனக்கு லண்டனில் கிடைக்கவில்லை.

கணவரையும் அன்றே விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கஷாயம், விரதம், ஸ்கேன் எல்லாம் தங்கைக்கே நடந்தது. அவரை யாரும் ஒரு பரிசோதனைக்குக்கூடக் கூப்பிடவில்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. இவருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. அதற்கு இக்சி என்ற முறை உண்டு. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். பெல்ஜியத்தில் உருவாகி 1992இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவரை முன்பே பரிசோதித்துப் பார்த்திருந்தால் என் தங்கை அத்தனை பேச்சு கேட்டிருக்க வேண்டாம் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்துதான் முக்கியமான விஷயம். முதலில் போன இடத்தில், வரவேற்பறைப் பலகையில் முக்கால்வாசிப் பேருக்கு வெற்றி என்று எழுதியிருந்தது. ஆலோசகரிடம், "எதை வெற்றின்னு எண்ணுறீங்க?" என்று கேட்டேன். கருவை வைத்து இரண்டு வாரம் கழித்து எடுக்கும், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனால் வெற்றியாம். ஆனால் பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவதில்லை. துடிப்பு தெரிந்த எல்லோருக்கும் பிரசவம் வரை போவதும் இல்லை. கரு வைக்கும் கட்டத்துக்கே வராமல் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

வேறொரு மையத்தில் டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 10 முட்டை எடுத்தால் எட்டுதான் முதிர்ந்திருக்கும். அதில் ஐந்தாறு கருவாகும். ஐந்தாம் நாள், கருப்பைக்குள் வைக்கத் தக்கபடி வளர்ந்த பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு இரண்டோ மூன்றோ வரும். "ஒண்ணுகூட வராமப் போகலாம்மா, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். தங்கை அழுதாள். ஆனால் அவளுக்குப் பிடித்துப்போனது அந்த டாக்டரைத்தான்.

பிரிட்டனில் ஒவ்வொரு மையத்திலும் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதைக் கண்காணிப்பு ஆணையமே வெளியிடுகிறது. அந்தக் கணக்கின்படி 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வைக்கும் கருக்களில் சுமார் மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகிறது. 43 வயதில் அது 100க்கு ஐந்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. இந்தியாவில் 2021இல் வந்த சட்டம் எல்லா மையங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் மையவாரியான பிரசவக் கணக்கு நம் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை. இரண்டு லட்சம் ரூபாயை நகையை அடகு வைத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த எண் தெரிய வேண்டாமா? அது வரும்வரை நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான்: "என் வயசுக்காரங்க 100 பேர் ஊசி போட ஆரம்பிச்சா, எத்தனை பேர் பிள்ளையோட வீட்டுக்குப் போறாங்க?"

இரட்டைக் குழந்தை ஆசையையும் சொல்ல வேண்டும். "ரெண்டு கருவா வச்சா ஒரே செலவுல முடிஞ்சிரும்ல" என்று என் அம்மாவே கேட்டார். இரட்டை என்றால் குறைமாதப் பிரசவமும் தாய்க்கு ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடும். பிரிட்டனில் 1990களில் ஐவிஎஃப் பிரசவங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் இரட்டை அல்லது அதற்கு மேல். ஒரு கரு மட்டும் வைப்பதை வலியுறுத்தி 2019இல் அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: ஊசி தொடங்கி முட்டை எடுக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். கருவை உறைய வைத்துவிட்டு, வேறொரு விடுமுறையில் வந்து வைத்துக்கொள்ளலாம். இந்தியச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் சிகிச்சை; கருவைப் 10 ஆண்டு வரை சேமிக்கலாம். சேமிப்புக் கட்டணம் எவ்வளவு, ஊசி மருந்து பேக்கேஜில் சேர்ந்ததா தனியா என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.