பேன் வச்ச விறகு அடுப்பு: ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

பாம்பன்ல சின்னதா சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன், காலையில இடியாப்பம், மதியம் மீன்கொழம்பு. 19 கிலோ சிலிண்டர் கட்டுப்படியாகலன்னு ஆவணியில இந்த அடுப்ப வாங்குனேன். ரெட்டைச் சுவர், அடியில காத்து ஊதுற பேன், கீழ ஒரு வரிசை ஓட்டை, மேல விளிம்புகிட்ட இன்னொரு வரிசை ஓட்டை. வித்தவரு "எந்த விறகு போட்டாலும் புகையே வராதுண்ணே"ன்னாரு. அது உண்மையில்ல.

முதல் வாரம் பூரா கண்ணெரிச்சல், பானை அடியெல்லாம் கரி. நான் போட்டது அப்பத்தான் வெட்டுன கருவ விறகு. முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போட்ட பெரியவர் ஒருத்தர் சாப்பிட வந்தவரு பாத்துட்டு, "தம்பி, விறகு எரியல, அதுல இருக்குற தண்ணிதான் கொதிக்குது"ன்னாரு. சரியான பேச்சு. பச்சை விறகுல பாதிக்குக் கிட்ட தண்ணி இருக்கும், ஒரு கிலோ தண்ணி ஆவியாகவே 540 கிலோகலோரி போயிரும், தீயோட சூடும் இறங்கிரும், சூடு இறங்குனா வாயு எரியாம புகையாத்தான் வெளிய வரும்.

விறகு அப்படியே எரியுறதில்ல, சூட்டுல முக்கால்வாசி வாயுவாக் கிளம்பி மேல வந்துதான் எரியுது. அதுக்குக் காத்து குடுக்கத்தான் அந்த மேல் ஓட்டை. அதுல கரி அடைச்சா அடுப்பு வாங்குனதே வீண், நான் வாரம் ரெண்டு தடவ கம்பி விட்டுக் குத்துறேன். ஒரு கிலோ கார்பன் முழுசா எரிஞ்சா சுமார் 8,000 கிலோகலோரி, அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடா போனா 2,400 தான். மிச்சம் வீணாப் போறது நம்ம காசு. அதுக்காக பேன முழு வேகத்துல வச்சாலும் தப்பு, கூடுதல் காத்து சூட்ட அள்ளிக்கிட்டுப் போயிருது, சாம்பல் கொழம்புல விழுது. பாதி வேகம் போதும்.

இத மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. ஐப்பசி மழையில ஷட்டர இறக்கிவிட்டு உள்ள வச்சு எரிச்சேன், வீட்டுக்காரிக்குத் தலைவலி, வாந்தி. அரைகுறையா எரிஞ்சா வர்ற அந்தக் கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல. விறகுக்குப் பதிலா அடுப்புக்கரி போட்டா புகை தெரியாது, அதனாலயே இன்னும் ஆபத்து. கதவு, ஜன்னல் திறந்திருக்கணும், முடிஞ்சா வெளியவே வைங்க.

உடைஞ்ச வள்ளத்துப் பலகை சும்மா கெடைக்குதுன்னு போடாதீங்க, பெயின்ட்டும் உப்பும் எரிஞ்சு வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது, தகரத்தையும் தின்னுரும். உப்புக்காத்துல வெளித்தகடு நாலு மாசத்துல துரு புடிச்சிருச்சு, உள்ள இருக்குற ஸ்டீல் இன்னும் நல்லாத்தான் இருக்கு.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். விறகு காயப்போட இடம் இருந்தா வாங்கலாம், இல்லாட்டி கேஸே தேவல. நான் இப்ப மூணு மாசம் காஞ்ச விறகத்தான் போடுறேன், கொழம்புச்சட்டி அடி வெள்ளையா இருக்கு.