பித்தளை வளையமா, நூல்முடிச்சா? மழைமலையில் நாணும் விரல் டெப்பும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் வில் பயில்கிறவர்களுக்கு மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவமழை ஒரு தனிச் சோதனை. காலையில் வெயில் விழுந்த மைதானத்தைப் பத்து மணிக்குள் பனி வந்து மூடிவிடும். நாணும் விரலில் மாட்டிய தோலும் ஒருசேர ஈரமாகும். அம்பின் வாலிலுள்ள பிளவு, அதாவது நொக், நாணில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதைக் காட்டும் நொக்கிங் பொயின்ட்டையும், நாணை இழுக்கும் விரல்களைக் காக்கும் டெப்பையும் எதை நம்பித் தெரிவது என்ற கேள்வி இங்கே சமவெளியிலிருப்பவர்களைவிட நமக்கே கூடுதலாக எழுகிறது.

கடையில் வாங்கும் நாண்கள் பலவற்றில் சிறிய பித்தளை வளையம் ஒன்று ஏற்கெனவே நெரிக்கப்பட்டிருக்கும். பொருத்துவதற்கு உரிய குறடு ஒன்றும் இரண்டு நிமிட நேரமும் போதும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மாறிமாறி எடுக்கும் பொது வில்லில், எவர் கைபட்டாலும் எளிதில் நகராத இந்த வளையத்தையே நான் இன்றும் வைக்கிறேன். ஆயினும் சொந்த வில்லுக்கு அதை நான் விரும்புவதில்லை. அரை மில்லிமீற்றர் ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால் வளையத்தை விரித்து மறுபடி நெரிக்க வேண்டியிருக்கிறது. சற்றுக் கூடுதலாக நெரித்தால் நாணின் நடுவே சுற்றியிருக்கும் காப்புநூல் வெட்டுப்படுகிறது, குறைவாக நெரித்தாலோ ஈர நாணில் வழுக்குகிறது. அதன் விளிம்பு டெப்பின் தோலை நாளடைவில் அரித்துவிடுவதையும், நாணின் நடுவில் ஏறும் அந்தச் சிறு எடை அம்பின் வேகத்தைச் சிறிதளவு குறைப்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நூல்முடிச்சுக்கு வேண்டியதெல்லாம் மெழுகிட்ட மெல்லிய நூல் மட்டுமே. முன்னும் பின்னுமாக மாறிமாறி ஆறேழு முடிச்சுகள் இட்டு இறுக்கினால், காப்புநூலின் சுற்றுகளின் மேல் திருகாணி போல அதைத் திருப்பித் திருப்பி மிக நுண்ணிய அளவில் ஏற்றி இறக்கலாம். சரியான இடம் கிடைத்த பின் ஒரு துளி சுப்பர் குளூ இட்டால் அசையாது. நொக்குக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு முடிச்சுகள் இடுவதே நல்லது. ஆனால் அவற்றுக்கிடையே நொக் இறுகப் பொருந்தாமல் மயிரிழை இடைவெளி விட வேண்டும். முழுதாக இழுக்கும்போது நாண் மடியும் கோணம் கூர்மையாகி நொக்கை நெருக்கும் என்பதாலும், வில் குட்டையானால் அந்த நெருக்கம் இன்னும் கூடும் என்பதாலும் இதைச் சொல்கிறேன்.

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிக்கேர்வ் வில்லில் டி வடிவ அளவுகோலை நாணில் கொளுவி, அம்பு தாங்கியிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக அமையும் மட்டத்துக்கு மேலே சுமார் 6 முதல் 12 மில்லிமீற்றருக்குள் நொக்கிங் பொயின்ட்டை வைத்துத் தொடங்கி, 18 மீற்றரில் சிறகு வைத்த அம்புகளுடன் சிறகில்லாத அம்பையும் எய்து பார்க்க வேண்டும். சிறகில்லாதது மற்றவற்றுக்கு மேலே குத்தினால் நொக்கிங் பொயின்ட் தாழ்வாக உள்ளது, அதை ஏற்ற வேண்டும். கீழே குத்தினால் இறக்க வேண்டும். இத்தகைய சிறு திருத்தங்களை அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் நூலின் அருமை புரியும்.

டெப்பைப் பொறுத்தவரை, மூன்று விரலுறைகள் கொண்ட கையுறையை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அதன் தையல்களில் ஊறிய ஈரம் மறுநாளும் உலர்வதில்லை. சாதாரண மாட்டுத்தோல் டெப் மலிவானது, விரைவில் கைக்குப் பழகும். ஆனால் நனைந்தால் மென்மையாகி நாணைப் பற்றிக்கொள்வதால் விடுகை இழுபடும். குதிரையின் பின்புறத் தோலில் செய்யப்படும் கோர்டோவன் அடர்த்தியும் வழுவழுப்பும் உடையது, ஈரத்தை மெதுவாகவே வாங்கும். விலை கூடுதல், பழகவும் சில வாரங்கள் பிடிக்கும். கைப்பணம் இடங்கொடுப்பவர் அதையே வாங்கலாம். இடங்கொடாதவர் மாட்டுத்தோல் டெப் இரண்டைச் சமமாகப் பழக்கி, ஒன்றைப் பொலித்தீன் பையில் உலர்வாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நனைந்த டெப்பை லயத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்த வெப்பத்தில் தோல் விறைத்து வெடிக்கும், நிழற்காற்றே போதும். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தடுப்புள்ள டெப், விரல்கள் நொக்கை நெருக்காமல் காப்பதால் தொடக்கநிலையினருக்கு மிகவும் உதவும்.

இவ்விரண்டு தெரிவுகளையும் தனித்தனியே செய்யக்கூடாது என்பதை நான் தாமதமாகவே கற்றேன். ஒருமுறை தடித்த புதிய டெப்புக்கு மாறிய பின் சிறகில்லாத அம்பு திடீரெனக் கீழே குத்தத் தொடங்க, நாண்தான் நீண்டுவிட்டதென்று நினைத்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். மாறியிருந்தது விரல்கள் நாணில் தரும் அழுத்தம். நூல்முடிச்சைச் சிறிது கீழே திருகியதும் அம்புகள் மறுபடி ஒன்றுசேர்ந்தன. ஆகவே இப்போது டெப்பை முதலில் தெரிந்து, அதன் தோலைக் கத்தரித்துப் பழக்கிய பிறகே முடிச்சுக்குப் பசை இடுகிறேன். அதே உயரத்தில் முடிச்சிட்ட இன்னொரு நாணும், அந்த அளவு எழுதிய துண்டுக் கடதாசியும் மாற்று டெப்புடன் அதே பொலித்தீன் பையில் இருக்கும்.