இ.எஸ்.ஐ.யா, இழப்பீட்டுச் சட்டமா? ஒரு கட்டைவிரலின் கணக்கு

வயது 30, சம்பளம் 15,000. பவர் பிரஸ்ஸில் கை மாட்டிக் கட்டைவிரல் போய்விட்டது. சட்ட அட்டவணை இதை 30% சம்பாத்திய இழப்பு என்கிறது. கணக்கு பிரிவது இதற்குப் பிறகுதான்.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, சம்பளத்தில் 60%, அதாவது 9,000. அதை 30 வயதுக்கான காரணி 207.98ஆல் பெருக்கி, 30% எடுத்தால் 5,61,546 ரூபாய். ஒரே தொகையாக வரும். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் தினக்கூலி 500இல் 90%, அதில் 30%: நாளுக்கு 135, மாதம் 4,050, ஆயுள் முழுவதும். பதினொன்றரை வருடத்தில் இது அந்த மொத்தத் தொகையைத் தாண்டும். விலைவாசிக்கேற்ப அவ்வப்போது கூட்டியும் தருகிறார்கள். மொத்தப் பணத்தை 7% வட்டிக்கு டெபாசிட்டில் போட்டாலும் மாதம் சுமார் 3,275 வரும், அசலும் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பணம் கடன்காரர் கைக்குப் போகாமல் வங்கிக்குப் போக வேண்டுமே!

சிகிச்சைக் காலத்தில் இ.எஸ்.ஐ. தெளிவாக முந்துகிறது. அங்கே மாதம் 13,500. இழப்பீட்டுச் சட்டத்தில் அரை மாதத்துக்கு 3,750 வீதம் 7,500தான்.

எது வேண்டும் என்று தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பவர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்கவே கூடாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலாளிக்கு இ.எஸ்.ஐ. என்றால் 3.25%, இந்தச் சம்பளத்துக்கு மாதம் 488 ரூபாய். பொறுப்பு இ.எஸ்.ஐ. கழகத்துக்குப் போய்விடும். (2019 ஜூன் வரை 4.75%.) இழப்பீட்டுச் சட்டத்தில் மாதச் செலவு இல்லை, விபத்து நடந்தால் முழுச் சுமை. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12% வட்டி, அதற்கு மேல் 50% வரை அபராதம். இதற்கென்று காப்பீட்டு பாலிசி எடுத்திருந்தாலும் அபராதம் பொதுவாக முதலாளி கையிலிருந்துதான்.

இரண்டு வழியிலும் கெடுப்பது முதல் நாள்தான். போலீஸ் வழக்குக்குப் பயந்து "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று மருத்துவமனையில் எழுதவைத்தால், பிறகு வேலையிட விபத்து என்று நிரூபிப்பது பெரும்பாடு. விபத்துக்கு மறுநாள் இ.எஸ்.ஐ. எண் போடுவதும் அப்படித்தான்: பதிவு நேரமே காட்டிக்கொடுத்துவிடும். இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வேலைக்குப் போகும் வழி விபத்து இ.எஸ்.ஐ.யில் 2010 முதலே உண்டு. இப்போது இழப்பீட்டுப் பகுதியிலும் எழுத்தில் இருக்கிறது.

சரியாகாத ஓட்டை இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் சம்பள வரம்பு. 21,000 வாங்குபவருக்கு 22,000 ஆனால் இ.எஸ்.ஐ. கை நழுவும், இழப்பீட்டுக் கணக்கோ 2020இல் வைத்த 15,000 உச்சவரம்போடு நின்றுவிடும். நல்லவேளை, உயர்வு வந்ததும் இ.எஸ்.ஐ. உடனே நிற்காது; செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரை ஓடும். அந்தத் தேதிக்கு முன் அவர் பெயரைச் சேர்த்து இழப்பீட்டு பாலிசி எடுத்துவிட வேண்டும்.