மூன்று கோடை கண்ட சில்லர்: டிஸ்ப்ளேயில் 26, தண்ணீரில் 30

போன வாரம் தூத்துக்குடிச் சேக்காளி போன் போட்டு, "சில்லர் விலை இறங்கியிருக்கே மாப்ளே, வாங்கிரட்டுமா?" என்று கேட்டான். பவளத் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் என் சில்லர் ரிப்பேருக்குப் போய் 19 நாள் கழித்து அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தது. இருந்த கோபத்தில் "வாங்காதலே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னது நியாயமில்லை என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டையில் மாடி வீடு. 200 லிட்டர் கடல்தண்ணீர் டேங்க்கில் ஒரு லெதர், நாலைந்து மஷ்ரூம், கொஞ்சம் ஸோவா, ஒரு கொத்து ஜீனியா என்று கல் கூடு கட்டாத மென்பவளங்கள் மட்டும். கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

முதல் இரண்டு கோடையும் இந்த சில்லரைக் கும்பிட்டேன் என்றே சொல்லலாம். வெளியே 40 டிகிரி, மொட்டைமாடி அனல் அறைக்குள் இறங்கும், தண்ணீர் மட்டும் 26-ஐ விட்டு அசையாது. மஷ்ரூமின் நீலம் அவ்வளவு அழுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கோடை, பங்குனிக் கடைசியில் ஜீனியா மந்தமானது. குட்டிக் கைகளை விரித்து மூடி, விரித்து மூடி ஓயாமல் இயங்குகிற பவளம் அது. மெதுவாகி மெதுவாகி ஒருநாள் நின்றே போனது. லெதர் சுருங்கி மேலே மெழுகுத் தோல் படர்ந்தது. அது எப்போதாவது தோல் உரிப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு மஷ்ரூம்கள் வெளிற ஆரம்பித்தன. லைட்டைச் சந்தேகப்பட்டு 9 மணி நேரத்தை 6 ஆக்கினேன். தண்ணீரில் சேரும் பாஸ்பேட்டைச் சந்தேகப்பட்டு வாரத்தில் இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன். சில்லரைச் சந்தேகப்படவில்லை, டிஸ்ப்ளேயில்தான் 26 என்று எரிந்துகொண்டிருக்கிறதே. கரண்ட் பில் போன கோடையைவிடக் குறைந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷம் வேறு பட்டேன்.

செத்த நத்தை ஒன்றை எடுக்கக் கையை விட்டபோதுதான் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது தெரிந்தது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் போட்டால் 30. நம்பாமல் அதையே நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் முக்கினேன், சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. சில்லரின் சென்சார்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டி வந்திருக்கிறது. தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்ரசர் ஓடாமல் கிடந்திருக்கிறது. பில் குறைந்ததும் அதனால்தான்.

வெப்பம் ஏறினால் பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி நஞ்சைக் கக்க ஆரம்பிக்கும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். சோறு போட்டது பாசி, நிறத்தில் பாதியும் பாசி, அது போனால் மிச்சம் வெளுப்பு. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதனால்தான். ஒரு கடலுக்கு நேர்ந்ததை என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நானே நடத்தியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால், "டிஸ்ப்ளே சரியாத்தானே காட்டுது சார்?" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சில்லர் இல்லாத அந்த 19 நாளும் காப்பாற்றியது நாலு கம்ப்யூட்டர் ஃபேன். 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி, தண்ணீர்ப் பரப்பில் காற்றுச் சாய்ந்து படும்படி வைத்தேன். நாலும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் அதிகம். உச்சி வெயிலிலும் 28-ஐத் தாண்டவில்லை! ஒரு லிட்டர் ஆவியானாலே 200 லிட்டரில் 3 டிகிரி அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும், நம்ம ஊர்க் கோடைக்காற்று அவ்வளவு வறட்சி. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் குறையும். உப்பு குறையாது, தண்ணீர்தான் போகும். ஒருநாள் மறந்தாலே உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35-லிருந்து 36-க்கு ஏறிவிடும். காலையிலும் சாயங்காலமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஊருக்குப் போக முடியாது.

மாப்ளே, உன் வீடு கடற்கரையில். ஈரக்காற்றில் ஃபேன் இந்த அளவுக்கு வேலை செய்யாது, நீ சில்லர்தான் வாங்க வேண்டும். நான் வைத்திருக்கும் மாடலையே வாங்கினாலும் சரி, குளிர்விப்பதில் அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் மட்டும் அதை இன்னொரு தடவை வாங்க மாட்டேன். இப்போது தனி சென்சார் உள்ள கன்ட்ரோலர் வழியாகத்தான் அதை ஓட்டுகிறேன், ஃபேன்களையும் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஐஸில் சோதித்த கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று உனக்குக் கொண்டுவருகிறேன். அதற்குள் சில்லரை வாங்கிவிட்டாலும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காதே.