நீண்ட காலடியா, குறுகிய காலடியா: முன்முழங்கால் எதைத் தாங்கும்?

யாழ்ப்பாணத்தில் பேஸ்போல் ஆடுபவர்கள் குறைவு. பேஸ்போல் வீடியோ பார்க்கும் வேகப்பந்து வீச்சாளர்கள் குறைவில்லை. வடக்கின் பெரும் சமரும் மற்றப் பாடசாலைக் கிரிக்கெட் பெரும் போட்டிகளும் நெருங்கும் காலத்தில் வலைப் பயிற்சிக்குப் போனால் யாராவது ஒரு பெடியன் போனை நீட்டுவான்: "அண்ணா, இவன் காலை எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறான் பாருங்கோ, அதாலதான் இந்த ஸ்பீட்." பாதி சரி. மீதிப் பாதி முழங்காலில் இருக்கிறது.

முதலில் அந்த ஆட்டத்தின் கணக்கு. பேஸ்போலில் பந்தெறிபவர் ஓடி வர முடியாது. 25.4 சென்ரிமீற்றர் உயரமான மேட்டில், ரப்பர் பட்டையைப் பின்காலால் தொட்டபடி நின்று, 18.44 மீற்றர் தொலைவுக்கு எறிகிறார். வேகத்துக்கான முன்னோட்டம் முழுவதும் ஒரேயொரு காலடியில் இருந்துதான் வர வேண்டும். தேர்ந்தவர்களின் காலடி பொதுவாக அவர்கள் உயரத்தின் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருதை 2008, 2009 இரண்டு ஆண்டும் பெற்ற அமெரிக்கர் ரிம் லின்சிகம் தன் உயரத்தையும் தாண்டி எட்டி வைத்தவர். வீடியோவில் எல்லோரையும் மயக்குவது அவரைப் போன்ற ஆட்கள்தான்.

முன்கால் தரையில் பதியும்போது முழங்கால் ஏறத்தாழ 40, 50 பாகை மடிந்திருக்கும். அந்த நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை என்ன நடக்கிறது என்பதுதான் முழுக் கதையும். சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் பின்பக்கம் எழும்புமல்லவா, அதுதான் இங்கேயும். முன்கால் நிற்கிறது, இடுப்பும் உடம்பும் அதன்மேல் சுழன்று முன்னே போகின்றன, கை கடைசியாக வீசப்படுகிறது. முழங்கால் அந்த நேரத்தில் நிமிர்ந்தால் பிரேக் நன்றாகப் பிடித்தது என்று அர்த்தம். இன்னும் மடிந்துகொண்டே போனால் உடம்பின் வேகம் தொடைத் தசையில் கரைந்துவிடுகிறது, பந்துக்குப் போவதில்லை. வேகமாக எறிபவர்களிடம் பந்து விடும் தறுவாயில் முழங்கால் நிமிர்வதைத்தான் அதிகம் காண்கிறோம்.

நீண்ட காலடியின் ஆதாயம் இரண்டு. உடம்பு முன்னோக்கி நகர நேரமும் தூரமும் கிடைக்கிறது, அதனால் நிறுத்தும்போது சுழற்சிக்கு மாற்ற அதிக வேகம் கையிருப்பில் இருக்கிறது. அடுத்தது, பந்து விடும் இடம் துடுப்பாட்டக்காரருக்குக் கிட்ட வருகிறது. மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் 30 சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 7 மில்லிசெக்கன். சின்னதுதான், ஆனால் அடிப்பவருக்கு அது இழப்பு.

விலை என்ன? பாதம் தூரப் பதியும்போது கணுக்காலுக்கு மேலுள்ள கால் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. தரை திருப்பித் தள்ளும் விசை மேலும் பின்னுமாக வந்து, முழங்காலை மேலும் மடக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது முன்தொடைத் தசையும், முழங்கால் சிரட்டைக்குக் கீழே உள்ள தசைநாணும். தொடையில் பலம் இருப்பவருக்கு இது பந்தாக மாறும். பலம் இல்லாதவருக்கு முழங்கால் தணிந்து போகும், பந்து விடும் உயரம் குறையும், வேகமும் குறையும். காலை அகட்டியதற்குப் பலனே இல்லை. பின்காலையும் மறக்கக் கூடாது: அளவுக்கு மீறி எட்டினால் பின்முழங்கால் உள்பக்கம் விழுந்து இழுபடும், கவட்டுத் தசைக்கும் சோதனை.

குறுகிய காலடியைப் பயந்தவர்களின் வழி என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்கால் சீக்கிரம் பதிகிறது, நிறுத்த வேண்டிய வேகம் குறைவு, முழங்காலை நிமிர்த்துவதும் சுலபம். கட்டுப்பாடு வேண்டும் என்பவருக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் மிகவும் குறுக்கினால் இடுப்பு சுழல்வதற்கு நேரம் போதாது. அந்தக் குறையைத் தோளும் முழங்கையும் ஈடுகட்டப் போகும், பந்தும் உயரப் போகத் தொடங்கும். இன்னொன்று, உடம்பு பாதத்துக்கு மேலாகக் கடந்து போனால் முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னே தள்ளப்பட்டு, சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் கூடும். ஆக, குறுகிய காலடி என்றால் முழங்காலுக்கு முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

இனி நம்மூர் விடயத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் அந்த வீடியோ நம்மை ஏமாற்றுகிறது. பேஸ்போல் மேடு முன்னோக்கிச் சரிகிறது, ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஓர் அங்குலம் இறக்கம். முன்கால் பள்ளத்தில் இறங்குவதால் காலடி இயல்பாகவே நீள்கிறது. நம் பெடியள் வீசுவது சமதரையில், பல இடங்களில் சீமெந்தின் மேல் விரித்த மெட்டிங்கில். பேஸ்போலில் முன்காலுக்குத் தரை தரும் செங்குத்து விசை உடல் எடையின் ஒன்றரை மடங்கு அளவில் இருக்கும். ஓடிவந்து வீசும் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு அது ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். கிரிக்கெட்டிலும் நிமிர்ந்த முன்கால் வேகம் தருகிறது என்பது உண்மை. ஆனால் மடியாத கால் அந்த அடியை இடுப்புக்கும் முதுகெலும்பின் அடிப்பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களை அதிகம் வாட்டுவது கீழ்முதுகில் வரும் எலும்பு வெடிப்புத்தான். லசித் மாலிங்க 2011ல் முழங்கால் தேய்வால் டெஸ்ட் ஆட்டத்தை விட்டார். அவரது காலடி நீளம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த மூட்டு எவ்வளவு விலை கொடுக்கும் என்பதற்குச் சொன்னேன்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? பதினாறு வயதுக்கு உட்பட்டவர் என்றால் என் தீர்ப்பு நடுவிலிருந்து கொஞ்சம் குறுகிய பக்கம். பேஸ்போல் எறிந்து பார்க்க ஆசைப்படும் 165 சென்ரிமீற்றர் உயரப் பெடியனுக்கு 80 சதவீதம் என்றால் 132 சென்ரிமீற்றர், தொடங்க அது போதும். கிரிக்கெட்டில் ஓட்டத்தின் வேகம் சேருவதால் அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே கண்தான் அளவுகோல்: போனைப் பக்கவாட்டில் வைத்து மெதுவான வீடியோ எடுங்கள். கால் பதிந்த இடத்தில் ஒரு படம், பந்து விடும் இடத்தில் ஒரு படம். இரண்டாவது படத்தில் முழங்கால் முதல் படத்தைவிட அதிகம் மடிந்திருந்தால் காலடி அவனுக்கு நீளம். ஒரு பாத அகலம் குறைத்து மறுபடி பாருங்கள். கொஞ்சம் மடிந்து பிறகு நிமிர்ந்தால் நல்லது. அதிர்ச்சியும் உள்வாங்கப்படுகிறது, வேகமும் போகவில்லை. ஒற்றைக் காலில் பாதியளவு குந்தி எழும்பும்போது முழங்கால் உள்ளே விழாதவனுக்கு மட்டும் பிறகு சிறிது சிறிதாக நீட்டலாம்.

பத்து வயதிலிருந்து பதினைந்து வரையான பெடியளுக்குச் சிரட்டைக்குக் கீழே சிறு புடைப்போடு நோ வந்தால், வளரும் எலும்பில் தசைநாண் இழுப்பதால் வரும் கோளாறாக இருக்கலாம். காலடியைக் குறைப்பதோடு வீசும் பந்துகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அது காலடி நீளத்தின் பிரச்சினை அல்ல. வீச்சை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், பெரும் போட்டி அடுத்த கிழமையாக இருந்தாலும்.