பெல்ட் சாண்டரா, ஆர்பிட்டல் சாண்டரா?

வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் புதுப்பிக்கும் தச்சர்கள், கையில் பிடித்துத் தேய்க்கும் இயந்திரங்களில் எதை முதலில் வாங்குவது என்று தயங்குவது இயல்பே.

பெல்ட் சாண்டரில் உப்புத்தாள் பட்டை இரண்டு உருளைகளின் மேல் ஒரே திசையில் ஓடுவதால், இழைப்புளி பாதி நாள் செய்யும் வேலையை அது விரைவில் முடித்துவிடும்; ஆனால் மரத்தின் ரேகையோடு நகர்த்தாமல் ஓரிடத்தில் சற்றே நிறுத்தினாலும் பள்ளம் விழும். அதன் சூட்டில் பழைய பெயிண்ட் இளகித் தாளை அடைத்துக்கொள்வதும் உண்டு. கத்திரி வெயிலில் அந்தக் கனத்தைப் பிடித்து வேலை செய்வது தனித் தண்டனை. வெனீர் ஒட்டிய ப்ளைவுட்டில் இதை வைக்கவே கூடாது, மேலடுக்கு நொடியில் போய்விடும்.

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரின் வட்டத் தட்டு, பெரும்பாலும் 125 மி.மீ. அகலமுள்ளது, சுழன்றுகொண்டே சிறு வட்டத்தில் அலைவதால் ரேகைக்குக் குறுக்கே போனாலும் கீறல் எளிதில் தெரியாது. அழுத்தினால் சுழற்சி தளர்ந்து சுருள் தடங்கள் பதியும். இயந்திரத்தின் எடையே போதும். 80, 120, 180 என்ற சொரசொரப்பு எண்களில் படிப்படியாக நைசான தாளுக்கு மாற்றினால் பாலிஷுக்குப் பரப்பு தயாராகும். பேனல் கதவின் உள்மூலைகளுக்கு மட்டும் கைத்தாளே கதி.

கதவு வேலையே தொழிலாக இல்லாதவர் ஆர்பிட்டலையே வாங்கலாம். எதை வாங்கினாலும், தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தக்கூடியது என்பதால் முகக்கவசமும் தூசிப் பையும் அவசியம்.