ஜி.பி. ரோட்டில் பழைய பென்ஸுக்கு செட் மாற்றிய கதை

“ஆம்ப் போயிடுச்சு சார். புதுசு முப்பத்தஞ்சு ஆகும். செகண்ட்ஸ்னா பதினெட்டுல முடிச்சுத் தரேன்.”

காலை பத்தரைக்குச் சென்னை ஜி.பி. ரோட்டுக் கார் ஆடியோ கடை வாசலில் நிறுத்தும்வரை பாடிக்கொண்டிருந்த வண்டி. மாலை ஏழுக்கு ஊமை. புதிய ஆண்ட்ராய்டு திரை பளிச்சென்று எரிகிறது, மேப் ஓடுகிறது, பாட்டின் விநாடிகள் நகர்கின்றன. ஒரு ஸ்பீக்கரிலும் மூச்சு இல்லை.

ஆம்ப், அதாவது பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர், போகவே இல்லை. முன்னூறு ரூபாய் பெறும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நியூ ஜெர்சியிலிருந்து ஊருக்கு வந்த இந்தமுறை விமானம், பேங்க், ஆதார் எல்லாம் ஒழுங்காக நடந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. இந்தப் பதிவு அந்தத் துண்டைப் பற்றியது.

வண்டி 2005 இ-கிளாஸ், டபிள்யூ 211, ஹார்மன் கார்டன் ஆம்ப் வைத்தது. மாருதி 800-ல் பயனியர் காஸெட் செட் மாட்டிய காலம் நினைவிருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டு வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் பேட்டரி, சிவப்பு சாவி, கறுப்பு எர்த், ஸ்பீக்கருக்கு நாலு ஜோடி. பல்லால் கம்பியைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி, டீ ஆறுவதற்குள் பாட்டு வந்துவிடும். அந்தக் கைவேகம் இன்றும் அப்படியே இருக்கிறது. வினையே அதுதான்.

இந்த வண்டியில் செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டு செம்புக் கம்பியில் போவதில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஃபைபரில் சிவப்பு வெளிச்சமாகப் போகிறது. மோஸ்ட் என்று பெயர். அது ஒரு வளையம்: செட்டில் கிளம்பி, கிளவ் பாக்ஸில் உள்ள சி.டி. சேஞ்சர், டிக்கியில் உள்ள ஆம்ப் என்று ஒவ்வொரு பெட்டியாகப் புகுந்து செட்டுக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கண்ணில் வெளிச்சத்தை வாங்கி மறு கண்ணில் விடும். நடுவில் ஒன்றைக் கழற்றினாலும், அதன் ஃப்யூஸைப் பிடுங்கினாலும் முழு வளையமும் செத்துவிடும். கரண்ட் இல்லாத பெட்டி வெளிச்சத்தைக் கடத்தாது.

ஃபிட்டர் தம்பி என்ன செய்தார்? “இனிமே சி.டி. யாரு சார் போடுறாங்க, சும்மா இடத்தை அடைக்குது” என்று சேஞ்சரைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டார். நல்லெண்ணம்தான். கழற்றிய கனெக்டரை வாய் திறந்தபடி விட்டு, ஃபைபரைச் சுருட்டி மடக்கி, கேபிள் டை போட்டு இறுக்கினார். இந்த ஃபைபரை 25 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. டீ கிளாஸைச் சுற்றி வைக்கிற வளைவு போதும். அதற்கு மேல் இறுக்கினால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்து போய்விடும். நல்லவேளை, ஃபைபர் வெள்ளையாக முறியவில்லை. டையை அறுத்ததும் தப்பியது.

ஆம்ப் போச்சு என்று சொல்லுமுன் ஐந்து நிமிட சோதனை போதும். ஆம்பின் ஃப்யூஸ் சரியா, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு செட்டை ஆன் செய்து, ஆம்புக்கு வரும் ஃபைபர் கனெக்டரை உருவி, உள்ளங்கைக்கு நேராகக் காட்டுங்கள். சிவப்புப் புள்ளி விழ வேண்டும். விழவில்லை என்றால் குறை ஆம்புக்கு முன்னால் இருக்கிறது. நம் வண்டியில் ஆம்ப் பக்கம் இருட்டு. கிளவ் பாக்ஸில் தொங்கிய கனெக்டரில் ஒரு துளை மட்டும் குங்குமப் பொட்டு மாதிரி எரிந்தது. நோய் எங்கே என்று அந்தப் பொட்டே சொல்லிவிட்டது. முப்பத்தைந்தாயிரம் சொன்ன கடையில் மீட்டரைக் கையில் எடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

இரண்டு வைத்தியம் உண்டு. சேஞ்சரை மறுபடி மாட்டலாம், செலவே இல்லை. அது வேண்டாம் என்றால் லூப் மாட்ட வேண்டும்: வந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும், விரல் நுனியளவு கனெக்டர். புதுப்பேட்டையில் பழைய இரும்புக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாய், “எந்த மாடல்? டூ லெவனா?” என்று கேட்டு, ஒரு டப்பாவைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒரு துளையில் செல்ஃபோன் டார்ச்சை வைத்து, மறு துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்தார். அன்றைய தேதியில் சோதித்துப் பார்த்துச் சொன்ன ஒரே மனிதர். மாட்டியதும் செட் உயிர்பெற்றது, ஃபிட்டர் வால்யூமை உச்சத்தில் விட்டிருந்தபடியே. காருக்கு அடியில் தூங்கிய நாய் தெருமுனைவரை ஓடியது.

நியூ ஜெர்சியில் இது நடந்திருக்காது. அங்கே வண்டியின் வருஷத்தையும் ஆம்ப் வகையையும் தட்டிப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார்கள். அதே ஊரில் இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைக்கும், மணிக்கணக்கில் கூலி, வேலை நடக்கும் இடத்துக்குள் காலை வைத்தால் இன்ஷூரன்ஸ் என்று விரட்டுவார்கள். முன்னூறு ரூபாய்க்கு யாரும் டப்பாவைக் கிளற மாட்டார்கள், முழு கிட் வாங்கு என்பார்கள். இங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம், டீயும் வரும். பார்த்துக்கொண்டே இருந்தும் சேஞ்சர் போனதைத் தடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதே வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்டர் கொடுக்குமுன் கேட்க வேண்டியது: “ஃபைபர் ஆம்ப் இருக்கு, ஆப்டிகல் பாக்ஸ் கூட வருமா?” புது செட்டின் பாட்டை ஃபைபர் வெளிச்சமாக மாற்றித் தரும் பெட்டி அது. ஆம்ப் இல்லாத, ஆடியோ 20 என்ற சாதா கம்பெனி செட் வைத்த வண்டிக்கு அந்த பாக்ஸ் தேவையில்லை, கேன் பாக்ஸும் (வண்டியின் கேன் கம்பியில் வரும் செய்திகளைச் செட்டுக்குப் புரியவைக்கும் பெட்டி) கனெக்டரும் போதும். மட்டமான ஆப்டிகல் பாக்ஸில் பாட்டு நின்ற பிறகும் ‘ஸ்ஸ்’ என்று இரையும். கடையிலேயே வால்யூமைப் பாதியில் வைத்து, பாட்டை நிறுத்திக் கேளுங்கள். புளூடூத் மட்டும் போதும் என்பவர்கள் டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். சேஞ்சர் இடத்தில், தன்னைச் சேஞ்சர் என்று சொல்லிக்கொள்ளும் மோஸ்ட் புளூடூத் பெட்டி ஒன்றை மாட்டினால் கம்பெனி செட்டிலேயே ஃபோன் பாட்டு வரும். என் ஓட்டு அதற்குத்தான், ஆனால் வீட்டில் திரைதான் ஜெயித்தது.

டேஷ்போர்டின் மர அலங்காரப் பட்டையை நைலான் பட்டையால் மட்டுமே நெம்பச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் வார்னிஷ் பெயரும். பழைய செட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

எஃப்.எம். தனிக் கதை. ஆன்டெனா பின் கண்ணாடியில் இருக்கிறது, அதற்கு ஒரு பூஸ்டர், பூஸ்டருக்கு 12 வோல்ட் வேண்டும். ஃபேக்ரா என்ற ஆன்டெனா பிளக்கின் அடாப்டரில் தொங்கும் நீலக் கம்பியை செட்டின் ஆன்டெனா கம்பியோடு சேர்க்காமல் டேப் சுற்றி விட்டுவிட்டார்கள். அண்ணா சாலையில் நின்றுகொண்டே 101.4 கரகரக்கிறது. சேர்த்ததும் தெளிந்தது.

கடைசி வம்பு பேட்டரி. இந்த வண்டியில் செட்டை எழுப்புவது கேன் வழியாக வரும் செய்தி, சாவிக் கம்பி செட்டின் பின்னால் கிடையாது. அதைத் தேடிக் களைத்து மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுவது இந்த ரோட்டுப் பழக்கம். நம் வண்டியிலும் அதேதான். செட் தூங்கவே தூங்காது. ஒரு ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 24 ஆம்பியர்-அவர். 95 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு நாளில் காலி. சிவப்புக் கம்பிக்கு கரண்ட் கேன் பாக்ஸிலிருந்துதான் வர வேண்டும்.

சோதிக்க, டிக்கியில் உள்ள பேட்டரியின் நெகடிவில் மீட்டரைத் தொடராக வையுங்கள். டிக்கி லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருங்கள். நடுவில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் இந்த மாடலின் பிரேக் பம்ப் எழுந்து மீட்டரின் ஃப்யூஸைத் தின்றுவிடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஏற்பாடு) விளக்கு எரிந்தால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒருமுறை திருப்பினால் அணையும்.

அதே கடைக்கே திரும்பப் போய்ச் சிவப்புக் கம்பியைக் காட்டியதும், தம்பி ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிடத்தில் மாற்றினார், காசு வாங்கவில்லை. டீ வந்தது. அரை மணி கழித்து மீட்டரில் 0.04 ஆம்பியர்.